போர் ஓய்ந்த பிறகா பெண்ணுரிமை?

மனித உரிமை, பெண்களுக்கு அதிகாரமளித்தல், உலக அமைதி ஆகிய மூன்றையும் ஏன் எப்போதும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் முதலில் போரை நிறுத்துவதுதானே அவசரம், பெண்களின் உரிமையை அமைதி வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்பது உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி. இது நேர்மையான கேள்வி. அனுபவம் மிகுந்த தூதர்களும் மத்தியஸ்தர்களும்கூட இப்படி நம்பியே செயல்பட்டிருக்கிறார்கள். ஆனால் கடந்த நூறாண்டு வரலாறு இந்த நம்பிக்கைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. பெண்களின் உரிமையைத் தள்ளிவைத்துவிட்டு எழுதப்பட்ட அமைதி பெரும்பாலும் நிலைப்பதில்லை. நிலைத்தாலும் மக்களில் பாதிப் பேருக்கு அது அமைதியாக இருப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதப்படாத உரிமை பிறகு தானாக வந்து சேர்ந்ததாக எனக்குத் தெரிந்த உதாரணம் மிக அரிது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்க முயல்கிறேன்.

முதலில் மூன்றுக்கும் உள்ள உறவு. இதைக் கண்டுபிடித்தவர்கள் இன்றைய செயற்பாட்டாளர்கள் அல்லர். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை 48 நாடுகளின் ஆதரவுடன், எதிர்வாக்கு ஒன்றுகூட இல்லாமல், எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்க, ஏற்றுக்கொண்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வாக்கியமே, மனிதர் எல்லோருடைய மாண்பையும் சம உரிமையையும் ஏற்பதுதான் உலகில் சுதந்திரத்துக்கும் நீதிக்கும் அமைதிக்கும் அடித்தளம் என்று கூறுகிறது. ஆறு கோடிப் பேருக்கு மேல் பலிகொண்ட ஒரு போரின் சாம்பல் ஆறுவதற்குள் எழுதப்பட்ட வாக்கியம் அது. தன் குடிமக்களில் ஒரு பகுதியினரை மனிதராகவே மதிக்காத அரசு நாளடைவில் அண்டை நாட்டையும் விட்டுவைக்காது என்பதை அந்தத் தலைமுறை நேரில் கண்டிருந்தது.

அந்தப் பிரகடனத்தில் பெண்கள் இடம்பெற்றதும் இயல்பாக நடந்துவிடவில்லை. 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது அதில் கையெழுத்திட்ட பெண்கள் நால்வர் மட்டுமே. அவர்களில் பிரேசிலின் பெர்த்தா லூட்ஸும் டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோவும், ஆண் பெண் சம உரிமை என்பது சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்று வாதாடினார்கள். அந்த மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களே சிலர், இது தேவையில்லாத பிடிவாதம் என்று அவர்களிடம் சொன்னதுண்டு. மூன்றாண்டு கழித்துப் பிரகடனத்தை வரைந்த மனித உரிமை ஆணையத்தில் தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட்டைத் தவிர இருந்த ஒரே பெண் பிரதிநிதி இந்தியாவின் ஹன்சா மேத்தா. பொதுச்சபைக் குழுவில் பாகிஸ்தானின் பேகம் ஷாயிஸ்தா இக்ரமுல்லா, திருமணத்தில் இருபாலருக்கும் சம உரிமை தரும் 16-ஆவது பிரிவுக்காகப் பேசினார். குழந்தைத் திருமணத்தையும் கட்டாயத் திருமணத்தையும் தடுக்க அது ஒரு வழி என்பது அவருடைய வாதம். உலகப் போரைப் பற்றிய கவலையில் பிறந்த ஓர் ஆவணத்தில் ஒரு சிறுமியின் திருமணத்துக்கு என்ன வேலை என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பின்னர் வந்த ஒவ்வொரு போரும் அதற்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது: அகதி முகாம்களில், பசியும் பாதுகாப்பின்மையும் கூடும்போது, பெற்றோர் முதலில் எடுக்கும் முடிவுகளில் ஒன்று மகளின் திருமணம்.

போர் பெண்களை எப்படித் தாக்குகிறது என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனால் சட்டம் அதை எவ்வளவு காலம் பார்க்க மறுத்தது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரெம்பெர்க் தீர்ப்பாயத்தின் சாசனத்தில் வல்லுறவு ஒரு தனிக் குற்றமாகப் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. போர்க்காலத்தில் பொதுமக்களைப் பாதுகாக்கும் 1949-இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை அதைத் தடை செய்தது. ஆனால் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதலாகவே அதைக் கருதியது. தாக்கப்பட்டது ஒரு மனிதரின் உடல், அது சித்திரவதைக்கு நிகரான வன்முறை என்ற எளிய உண்மை சட்டத்துக்குள் நுழைய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அது நுழைந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1994-இல் ருவாண்டாவில் துட்சி இனத்தவரைக் குறிவைத்த இனப்படுகொலையில் சுமார் நூறு நாள்களுக்குள் எட்டு லட்சம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள். வல்லுறவுக்கு உள்ளான பெண்கள் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்பது ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரின் மதிப்பீடு. இதை விசாரிக்கத் தான்சானியாவின் அருஷா நகரில் அமைந்த சர்வதேசத் தீர்ப்பாயத்தின் முதல் வழக்கு, டாபா என்ற ஊராட்சிப் பகுதியின் தலைவராக இருந்த ஜான் பால் அகாயேசு மீதானது. உயிர் பிழைக்க ஓடிவந்த பெண்கள் அவருடைய அலுவலக வளாகத்தில்தான் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அங்கேதான் அவர்கள் சீரழிக்கப்பட்டார்கள். அப்படியிருந்தும் முதலில் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1997-இல் விசாரணை தொடங்கியது. கொலைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் சீரழித்ததைப் போகிற போக்கில் சொன்னார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டு வரவில்லை. நீதிபதிகள் இருக்கையிலிருந்து கேள்விகள் வந்தன. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண்ணான நவநீதம் பிள்ளை, அந்த அலுவலக வளாகத்தில் வேறு என்ன நடந்தது, அவர் கேள்விப்பட்டது என்ன என்று பொறுமையாகக் கேட்டார். பின்னர் வந்த இன்னொரு சாட்சி, தனக்கே நேர்ந்ததைச் சொன்னார். வெளியே பெண்ணுரிமை அமைப்புகள் குற்றப்பத்திரிகையைத் திருத்தக் கோரி நீதிமன்றத்துக்கு எழுதின. ஜூன் மாதத்தில் அது திருத்தப்பட்டது.

1998 செப்டம்பர் 2 அன்று வெளியான தீர்ப்பில், ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் வல்லுறவு இனப்படுகொலைச் செயலே என்று உலக வரலாற்றில் முதன்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் கூறியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, நிறவெறிச் சட்டங்களின் கீழ் வழக்கறிஞராகத் தொழில் செய்து, பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் ஆன பிள்ளையை நாம் பெருமையோடு நினைக்கலாம். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது அவருடைய பெருமை மட்டும் அன்று. சாட்சியம் ஏற்கனவே அந்த ஊரில் இருந்தது, பெண்கள் பேசத் தயாராகவே இருந்தார்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத் தெரிந்தவர் ஒருவர் இல்லாததால்தான் அது அதுவரை கோப்புக்குள் வராமல் இருந்தது. அதிகாரமளித்தல் என்று நாம் பொதுவாகச் சொல்வதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவுவதற்காக அதே ஆண்டு ஏற்கப்பட்ட ரோம் சட்டம், வல்லுறவு, பாலியல் அடிமைத்தனம், கட்டாயக் கர்ப்பம், கட்டாயக் கருத்தடை ஆகியவற்றைப் போர்க்குற்றங்களாகவும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாகவும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியது.

நீதிமன்றத்தைப் போலவேதான் பேச்சுவார்த்தை மேசையும். 1992 முதல் 2019 வரை நடந்த முக்கியமான அமைதிப் பேச்சுகளில் பேச்சாளர்களில் 13 சதவீதம், மத்தியஸ்தர்களில் 6 சதவீதம், கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம் மட்டுமே பெண்கள். துப்பாக்கி ஏந்தியவர்களை மட்டும் கூப்பிட்டுப் பேசினால், பேச்சு துப்பாக்கியைப் பற்றியதாகவே இருக்கும்: யாருக்கு எந்த அமைச்சகம், எந்தத் தளபதிக்கு எந்தப் பதவி, யாருக்குப் பொது மன்னிப்பு. காணாமல் போனவர்கள் எங்கே, கிணற்றடியில் புதைத்த கண்ணிவெடியை யார் எடுப்பது, இறந்த கணவனின் நிலம் மனைவியின் பெயருக்கு மாறுமா, முகாமில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை உண்டா என்ற கேள்விகளை எழுப்ப ஆள் இருக்க மாட்டார்கள். இவை சிறிய விவகாரங்களாகத் தோன்றலாம். ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் முதல் அமைதி பிழைக்குமா என்பதை முடிவு செய்வது இவைதான்.

லைபீரியாவில் நடந்ததைப் பாருங்கள். 1989 முதல் இரண்டு உள்நாட்டுப் போர்கள். இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். 2003 ஏப்ரலில் லேமா போவீ உள்ளிட்ட பெண்கள் தலைநகர் மன்ரோவியாவில், அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் போகும் வழியில் மீன்சந்தையை ஒட்டிய மைதானத்தில் வெள்ளை உடையில் அமர்ந்தார்கள். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்தே அமர்ந்தது அங்கே அதற்கு முன் காணாத காட்சி. வெயிலிலும் மழையிலும் நாள் தவறாமல் உட்கார்ந்து, டெய்லரைச் சந்தித்து, பேச்சுவார்த்தைக்கு இசைய வைத்தார்கள். ஜூன் மாதம் கானா தலைநகர் அக்ராவில் பேச்சு தொடங்கியது. குழுக்களின் தலைவர்கள் வசதியான விடுதிகளில் தங்கிப் பதவிப் பங்கீட்டைப் பேசிக்கொண்டிருக்க, மன்ரோவியாவில் குண்டுமழை ஓயவில்லை. ஜூலையில் பெண்கள் பேச்சு நடந்த மண்டபத்தின் வாயிலில் கைகோத்து அமர்ந்து, உடன்பாடு எட்டும் வரை யாரையும் வெளியே விட மாட்டோம், உணவும் நீரும் இல்லாமல் எங்கள் மக்கள் படும் பாட்டை நீங்களும் கொஞ்சம் அறியுங்கள் என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது போவீ தன் ஆடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுடைய பெண் அப்படிச் செய்வது பார்ப்பவர்களுக்குப் பெரும் சாபமாகக் கருதப்படும் பகுதி அது. காவலர்கள் பின்வாங்கினார்கள். மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து அவர்களிடம் பேசி, பேச்சை விரைவுபடுத்த வாக்குக் கொடுத்தார். சில வாரங்களில், ஆகஸ்ட் 18 அன்று, ஒப்பந்தம் கையெழுத்தானது.

பத்திரிகைகள் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடும். நான் மதிப்பது இதற்கு அடுத்த கட்டத்தை. அந்தப் பெண்கள் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்தார்கள். எந்த வேலைக்கு எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு, ஆயுதக் களைவு குழப்பத்தில் முடியவிருந்தபோது முகாம்களுக்கே போய் இளைஞர்களிடம் பேசினார்கள். 2005 தேர்தலுக்குப் பெண்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யச் சந்தைகளில் சுற்றினார்கள். அந்தத் தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்று, ஆப்பிரிக்காவில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். அவருக்கும் போவீக்கும் ஏமனின் தவக்குல் கர்மானுக்கும் 2011-இல் நோபல் அமைதிப் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. அந்தப் போர் மீண்டும் மூளவில்லை.

வட அயர்லாந்தின் அனுபவம் வேறு வகையானது. 1996-இல் கத்தோலிக்கரான மோனிகா மெக்வில்லியம்ஸும் புராட்டஸ்டண்ட் சமூகத்தவரான பேர்ல் சாகரும் சேர்ந்து, அமைதிப் பேச்சில் எந்தக் கட்சிகள் பங்கேற்பது என்பதற்கான தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் பெண்கள் கூட்டணி என்ற கட்சியைத் தொடங்கினார்கள். கிடைத்த வாக்கு ஒரு சதவீதம் மட்டுமே. ஆனால் முதல் பத்துக் கட்சிகளுக்கு இரண்டு இடம் என்ற விதியால் மேசையில் இடம் கிடைத்தது. அவர்கள் பேச எழுந்தால் மாடுபோலக் கத்திக் கேலி செய்த உறுப்பினர்கள் இருந்தார்கள். 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில், வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி, இரு சமூகப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், கலந்து வாழும் குடியிருப்புகள், அரசியலில் பெண்களின் முழுமையான பங்கேற்பு ஆகியவை இடம்பெற்றதில் அந்த ஒரு சதவீதத்துக்குப் பெரிய பங்குண்டு. பிறகு அந்தக் கட்சி தேர்தல்களில் தோற்று 2006-இல் கலைந்துபோனது. பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இன்றும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். எழுதியதெல்லாம் நடந்துவிடாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதப்பட்டிருப்பதால்தான் அதைச் சுட்டிக்காட்டி இன்றும் கேட்க முடிகிறது.

கொலம்பிய அரசும் ஃபார்க் கிளர்ச்சிக் குழுவும் கியூபாவின் ஹவானாவில் நடத்திய பேச்சுவார்த்தைக்குள் 2014-இல் பாலினச் சமத்துவத்துக்கெனத் தனித் துணைக்குழு அமைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் அறுபது பேர், ஐந்து குழுக்களாக ஹவானாவுக்கு வந்து இரு தரப்பின் முகத்தையும் பார்த்துப் பேசினார்கள். பாலியல் வன்முறைக்குப் பொது மன்னிப்பு கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது அதன் விளைவுகளில் ஒன்று. 2016 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் அந்த ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றதையும், பெண்கள் பற்றிய பிரிவுகளே குடும்ப அமைப்பைக் குலைத்துவிடும் என்ற பிரச்சாரத்துக்கு அதில் ஒரு பங்கு இருந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. திருத்தப்பட்ட ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானபோது அந்தப் பிரிவுகளின் வாசகம் மாறியது. உள்ளடக்கத்தின் பெரும்பகுதி தப்பிப் பிழைத்தது.

பெண்கள் பங்கெடுத்த ஒப்பந்தங்கள் பதினைந்து ஆண்டாவது நீடிக்கும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்ற கணக்கை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். 2015-இல் வெளியான ஐ.நா.வின் உலகளாவிய ஆய்வு அதை எடுத்துக்காட்டியது. வலேரி ஹட்சன் தலைமையிலான ஆய்வாளர்களும், வீட்டுக்குள் பெண்கள் பாதுகாப்பாக வாழும் நாடுகளே வெளியிலும் பெரும்பாலும் அமைதியாக நடந்துகொள்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். இந்த எண்களை நான் மதிக்கிறேன். ஆனால் இவற்றை மட்டும் நம்பி வாதத்தைக் கட்டுவதில்லை. பெண்களுக்கு இடம் கொடுக்கும் மனநிலை உள்ள சமூகம் சமரசத்துக்கும் எளிதில் வரக்கூடும். எது காரணம், எது விளைவு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம்.

அதைவிட முக்கியமான இன்னொரு எச்சரிக்கை உண்டு. பெண்கள் இயல்பிலேயே மென்மையானவர்கள், தாய்மை உள்ளவர்கள், ஆகவே அவர்கள் வந்தால் அமைதி வரும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. போர் தொடுத்த பெண் தலைவர்கள் உண்டு. ருவாண்டாவிலேயே குடும்ப நலத்துறை அமைச்சராக இருந்த போலின் நிராமசுஹுகோ, இனப்படுகொலைக்கும் வல்லுறவுக்கும் பொறுப்பானவர் என்று அதே அருஷா தீர்ப்பாயம் 2011-இல் தீர்ப்பளித்தது. மென்மை என்ற புகழாரம் பெண்களைச் சிறைப்படுத்தவும் செய்யும்: அமைதி கொண்டுவந்தால்தான் உனக்கு இடம் என்ற நிபந்தனை ஆண்களுக்கு விதிக்கப்பட்டதே இல்லை. உரிமை என்பது பயனுள்ளவர்களுக்குத் தரும் பரிசு அன்று. பெண்களின் பங்கேற்பால் ஒரு போர்கூட ஒரு நாள் முன்னதாக முடியாது என்று நிரூபிக்கப்பட்டாலும், தங்கள் நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்யும் அறையில் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

எண்ணிக்கையும் தனியாகப் போதாது. 2008-இல் ருவாண்டா நாடாளுமன்றம் உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றம் ஆனது. 2013-இல் அவர்களின் பங்கு 64 சதவீதம். 1999-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், மகள்களுக்கும் நிலத்தில் பங்கு தந்தது. குடும்பத் தலைவர்களை இழந்து நின்ற ஏராளமான பெண்களுக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. அந்தச் சட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே நாட்டில் எதிர்க்கட்சிக்கும் பத்திரிகைக்கும் உள்ள இடம் மிகக் குறுகியது. அண்டை நாடான கொங்கோவின் கிழக்கில் எம்23 கிளர்ச்சிக் குழுவுக்கு அது துணை நிற்பதாக ஐ.நா. நிபுணர் குழு மீண்டும் மீண்டும் அறிக்கை அளித்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் பெண்கள் இருந்தும், அங்கே துணிந்து பேசும் உரிமை எல்லோருக்கும் இல்லையென்றால் அமைதிக்கு அது உதவாது. மூன்றையும் சேர்த்தே பேச வேண்டியிருப்பது இதனால்தான்: பெண்களின் அதிகாரத்தைக் கருத்துரிமையிலிருந்தும் சட்டத்தின் ஆட்சியிலிருந்தும் பிரித்து நிறுத்தினால் அது நிற்காது.

அர்ஜென்டினாவின் தாய்மார்களைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1977 ஏப்ரல் 30 அன்று, இராணுவ ஆட்சியால் கடத்தப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடிப் பதினான்கு பெண்கள் புவனோஸ் ஐரெஸில் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது என்று காவலர்கள் சொன்னதால் நடக்கத் தொடங்கினார்கள், வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார். அவருடைய எச்சங்கள் 2005-இல்தான் அடையாளம் காணப்பட்டன. சிறையில் பிறந்து, இராணுவக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், பெற்றோர் உயிரோடு இல்லாதபோது பாட்டியின் இரத்தத்தைக் கொண்டே பேரக்குழந்தையை அடையாளம் காண முடியுமா என்று விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் அதற்கு வழி கண்டார். குழந்தைகளின் உரிமை பற்றிய 1989 உடன்படிக்கையில், ஒரு குழந்தைக்குத் தன் அடையாளத்தின் மீதுள்ள உரிமையைச் சொல்லும் எட்டாவது பிரிவு இந்தப் பாட்டிமாரின் முயற்சியால் வந்தது. சமையலறையைத் தாண்டி அரசியல் பேசாதவர்கள் என்று அந்த ஆட்சி அலட்சியம் செய்த பெண்கள், சர்வதேசச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்.

இனி உங்கள் கேள்வியின் அந்த இரண்டாம் பகுதிக்கு நேராக வருகிறேன். பெண்களின் உரிமையைப் பிறகு பார்க்கலாம் என்ற அணுகுமுறைக்கு நம் காலத்தின் முழுமையான எடுத்துக்காட்டு ஆப்கானிஸ்தான். 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தாலிபானும் தோஹாவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பெண்களின் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. படை விலகும் தேதிகள் இருந்தன, கைதிகளின் எண்ணிக்கை இருந்தது. பெண்களின் நிலை ஆப்கானியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாக விடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய உள்நாட்டுப் பேச்சில் அரசுத் தரப்பின் 21 பேரில் நால்வர் பெண்கள். எதிர்த்தரப்பில் ஒருவரும் இல்லை. பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தது. செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது ஆறாம் வகுப்புக்கு மேல் ஆண் மாணவர்களுக்கு மட்டுமே அழைப்பு வந்தது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடியது. தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்வதும் அதே மாதத்தில் தடை செய்யப்பட்டது. பெண்களுக்கு உயர்நிலைக் கல்வியைச் சட்டமாகவே மறுக்கும் ஒரே நாடு இன்று அதுதான். துப்பாக்கிச் சத்தம் குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு மாணவியிடம் அதை அமைதி என்று சொல்ல என்னால் இயலாது. 2025 ஜூலையில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், பாலின அடிப்படையிலான ஒடுக்குமுறைக்காகத் தாலிபான் தலைமைத் தலைவர் மீதும் தலைமை நீதிபதி மீதும் பிடியாணை பிறப்பித்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கக்கூடிய ஒன்றைப் பிடியாணையில் எழுத வேண்டியதாயிற்று.

இதற்கு நேர் எதிரான பழைய சம்பவம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1915-இல், முதல் உலகப் போரின் நடுவே, பன்னிரண்டு நாடுகளிலிருந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடி, நடுநிலை நாடுகள் இடைவிடாத மத்தியஸ்தம் செய்ய வேண்டும், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இரண்டையும் ஒரே தீர்மானப் பட்டியலில் வைத்தார்கள். எந்த நாட்டுத் தலைமையும் செவிசாய்க்கவில்லை. 1919-இல், தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் ஒப்பந்த விதிகள் வெளியானபோது அவர்களே ஜூரிச்சில் மீண்டும் கூடி, இந்த விதிகள் பசியையும் பகையையும் விதைத்து அடுத்த போருக்கு வழி செய்யும் என்று கண்டனம் தெரிவித்தார்கள். அடுத்த போர் இருபது ஆண்டில் வந்தது. அவர்களை வழிநடத்திய ஜேன் ஆடம்ஸுக்கு 1931-இலும், எமிலி கிரீன் பால்ச்சுக்கு 1946-இலும் நோபல் பரிசு தந்தார்கள். மேசையில் இடம் மட்டும் தரவில்லை.

இன்று கருவிகள் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் 1979-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் 189 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, பாகுபாடான சட்டங்களை நீக்கச் சொல்லும் இரண்டாம் பிரிவையும், திருமணத்திலும் குடும்பத்திலும் சம உரிமை கேட்கும் பதினாறாம் பிரிவையும் முழுமையாக ஏற்கவில்லை என்று குறிப்பெழுதிவிட்டே சேர்ந்தன. வீட்டு வாசலில் உரிமை நின்றுவிட வேண்டும் என்பதே இதன் பொருள். 2023-இல் உலகெங்கும் சுமார் 51,000 பெண்களும் சிறுமியரும் தங்கள் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவர். போர் நடக்காத நாடுகளும் இந்தக் கணக்கில் அடங்கும்.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாக ஏற்ற 1325-ஆம் தீர்மானம், அமைதிப் பேச்சிலும் மறுசீரமைப்பிலும் பெண்களின் பங்கேற்பை உறுதிசெய்யுமாறு எல்லா நாடுகளையும் வலியுறுத்தியது. அதை நிறைவேற்ற நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் தேசியச் செயல்திட்டம் வகுத்துள்ளன. ஒரு நாட்டின் அக்கறையை அளக்க விரும்பினால் அந்தத் திட்டத்தின் முன்னுரையைப் படிக்காதீர்கள். அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எந்தத் துறை பொறுப்பு, எந்த ஆண்டுக்குள் என்பதைத் தேடுங்கள். பல திட்டங்களில் தொகைக்கான இடமே இராது. அமைதி ஒப்பந்தம் ஒன்று செய்தியில் வரும்போதும் இதையே செய்யுங்கள்: பாலியல் குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு உண்டா, நில உரிமை யார் பெயரில், காணாமல் போனவர்களைத் தேட அதிகாரமும் பணமும் உள்ள அமைப்பு உண்டா, கண்காணிப்புக் குழுவில் உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேர்.

பணம் இல்லை என்ற பதிலை நான் ஏற்கத் தயாராக இல்லை. 2024-இல் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். 2025 மார்ச்சில், போரும் பேரிடரும் சூழ்ந்த 44 இடங்களில் இயங்கும் 411 பெண்கள் அமைப்புகளிடம் ஐ.நா. பெண்கள் அமைப்பு கேட்டபோது, உதவித்தொகை வெட்டால் ஆறு மாதத்துக்குள் மூட வேண்டியிருக்கும் என்று ஏறக்குறைய பாதி அமைப்புகள் கூறின. மன்ரோவியா மைதானத்தில் அமர்ந்தவர்களையும் அருஷாவில் சாட்சி சொன்னவர்களையும் போன்ற பெண்களுக்குப் போக்குவரத்துச் செலவும், தங்க இடமும், சட்ட ஆலோசனையும் தருபவை இந்த அளவுள்ள சிறு அமைப்புகளே. அடுத்த பேச்சுவார்த்தை எங்கே தொடங்கினாலும், அதற்குள் இவற்றில் எத்தனை இயங்கிக்கொண்டிருக்கும் என்பதை இந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டங்கள் முடிவு செய்துகொண்டிருக்கின்றன.